அப்பா பெயரில் இருக்கும் வீடு: எது அவசரம், எது பிறகு பார்த்துக்கொள்ளலாம்

அப்பா போய் ஐந்தாம் நாள். வாசலில் பந்தல்கூடப் பிரிக்கவில்லை. உறவினர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "வீட்டை என்ன பண்றதா இருக்கீங்க?" என்றார். எனக்கு வாயே திறக்கவில்லை.

உங்களையும் இந்தக் கேள்வி துரத்தினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உயில் எழுதாமல் அப்பா கண்மூடினால், அந்த நிமிடமே அவர் வாங்கிய வீடு வாரிசுகளுக்கு வந்துவிடுகிறது. பட்டா மாற்றத் தாமதமானால் உரிமை போய்விடாது. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை சொத்து சம்பந்தமான எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வாரிசு வரி கட்ட வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால், இந்தியாவில் அது 1985-லேயே ஒழிந்துவிட்டது.

கீழே இருப்பது தமிழ்நாட்டு நடைமுறை. பங்குக் கணக்கு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் கணக்கு வேறு.

படி 1: இறப்புச் சான்றிதழ்

உண்மையில் அவசரமானது இது ஒன்றுதான். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்திருந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். வீட்டில் என்றால் நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்ட்ரேட் உத்தரவுவரை போகும்.

பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எங்கள் கிரயப் பத்திரத்தில் அப்பாவுக்கு இரண்டு இனிஷியல், ஆதாரில் ஒன்று. கவுன்டரில் நின்று அப்பா பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னபோது தொண்டை அடைத்தது. அழுகை வந்தால் வரட்டும், சரிபார்க்காமல் மட்டும் வாங்கிவராதீர்கள். அங்கே விட்ட பிழை பட்டாவரை கூடவே வரும்.

படி 2: பீரோவைத் திறப்பது

தனியாகச் செய்யாதீர்கள். கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம் (வீட்டை விற்றவருக்கு அது எப்படி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்), பட்டா, வீட்டு வரி ரசீது, மின் அட்டை எல்லாம் பெரும்பாலும் ஒரே பையில் இருக்கும். அப்பாவின் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: "வீட்டு வரி கட்டியாச்சு. அடுத்தது அக்டோபர்." அன்றைக்கு அதற்கு மேல் எங்களால் எதையும் பார்க்க முடியவில்லை. பையைக் கட்டி வைத்துவிட்டு அடுத்த வாரம் திறந்தோம்.

அசல் பத்திரம் கிடைக்காவிட்டால் வீட்டுக் கடன் இருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். அந்தக் கடனுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தையும், அதாவது வீட்டின் மேல் அடமானமோ விற்பனையோ பதிவாகியிருக்கிறதா என்பதையும், ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 3: வாரிசுச் சான்றிதழ்

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரித்த பிறகு தாசில்தார் தருவார். வாரிசுகள் யார் யார் என்று காட்டும் தாள்தான் இது. வீட்டை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

இங்கே பலர் மறந்துவிடுவது பாட்டியை. இறந்தவரின் அம்மா உயிரோடிருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. அம்மா, நான், தம்பி, பாட்டி என்று எங்கள் வீட்டில் நான்கு பங்கு. கல்யாணமாகிப் போன பெண்ணுக்கும் அதே பங்குதான்.

படி 4: உயில் இருந்தால்

உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அவர்களுடைய முகவரியை இப்போதே குறித்து வையுங்கள். உயிலைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

சென்னை நகரச் சொத்து என்றால் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கியே ஆக வேண்டும் என்று பலர் இன்றும் சொல்வார்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. 2025 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் உடன்பிறந்தவர்களில் ஒருவர் உயிலைச் சந்தேகப்பட்டால், வக்கீல் வைத்துப் புரொபேட் வாங்கிவிடுவதே நல்லது.

படி 5: வீடு யார் பெயரில்?

ஒரு வருடம் இந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தாலும் தப்பில்லை. அதுவரை எல்லார் பெயரிலும் கூட்டுப் பட்டா போதும். பிறகு ஒருவர் பெயருக்கே மாற்ற வேண்டுமானால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய்.

அம்மாக்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். "நாங்க பாத்துக்கறோம், கையெழுத்துப் போடும்மா" என்று பிள்ளைகள் பாசத்தோடுதான் கேட்பார்கள். விடுதலைப் பத்திரம் பதிவானால் பங்கு போனதுதான். நீங்கள் குடியிருக்கும் வீட்டில் உங்கள் பங்கை விடாதீர்கள்.

படி 6: மற்ற பெயர் மாற்றங்கள்

பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றலாம். ஒவ்வொரு இடத்திலும் அதே இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும்தான் கேட்பார்கள். பத்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீடு பூட்டிக் கிடந்தால் சிலிண்டரையும் மோட்டார் சுவிட்சையும் அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள்.

கரண்ட் பில்லை மட்டும் நாங்கள் இன்னும் மாற்றவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அப்பா பெயரில் வருகிறது. அம்மா கட்டிவிட்டு ரசீதை அதே பையில் வைக்கிறார்.