ஸ்ட்ராட்டில் ஹம்பக்கர் ஏற்றுவது: பிக்கப் தேர்வும் வயரிங்கும்

ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை கிட்டாரில் பிரிட்ஜ் பக்கத்து சிங்கிள் காயிலின், அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப்பின், சத்தம் பலருக்குக் காதைக் குத்தும். டிஸ்டார்ஷன் போட்டால் இரைச்சல் வேறு. அந்த பிக்கப்பை மட்டும் எடுத்துவிட்டு, இரைச்சலை அடக்க இரண்டு காயில்களைச் சேர்த்த ஹம்பக்கர் ஒன்றை வைத்து, நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில்களை அப்படியே விடுவதுதான் எச்எஸ்எஸ் அமைப்பு. ஸ்ட்ராட் வந்தது 1954-ல். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1955-ல். ஏறத்தாழ ஒரே வயதுதான், ஆனால் இரண்டும் வெவ்வேறு மின்சுற்றில் வளர்ந்தவை. ஒரே கிட்டாரில் சேர்த்ததும் ஒன்று மற்றொன்றை அமுக்கும், அல்லது சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் மெலிந்துபோகும். இதைத் தடுக்க வேண்டிய வேலை பாதி பிக்கப் வாங்குவதற்கு முன்னாலேயே இருக்கிறது.

முதலில் பிக்கார்டை (பிக்கப்கள் பொருத்தியிருக்கும் முன்தகட்டை) கழற்றிப் பாருங்கள். ஹம்பக்கர் ஏறத்தாழ 70 மி.மீ. நீளம், 38 மி.மீ. அகலம். இரண்டு பக்கமும் ஸ்க்ரூ ஏறும் காதுகளுக்குக் கூடுதல் ஆழம் வேண்டும். மரத்தில் குழி அந்த அளவுக்கு இருந்தால் எச்எஸ்எஸ் பிக்கார்டு ஒன்று வாங்கினால் போதும். குழி ஒடுங்கியதாக இருந்தால், மரத்தை வெட்டிப் பழக்கமில்லாதவர்கள் உளியை எடுக்க வேண்டாம். சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ஹம்பக்கர்கள் இருக்கின்றன. கீழே சொல்லும் வயரிங் அவற்றுக்கும் பொருந்தும், நான்கு வயர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அடுத்து பிரிட்ஜ் பிக்கப்புக்கு நேர் மேலே, இரண்டு இ கம்பிகளுக்கும் நடுவே எத்தனை மி.மீ. என்று அளந்துகொள்ளுங்கள். 52–53 என்று வந்தால் அகல இடைவெளியில் போல்கள் (ஒவ்வொரு கம்பிக்கும் நேர் கீழே நிற்கும் உலோக முனைகள்) உள்ள ஹம்பக்கரைக் கேளுங்கள். கிப்சன் வழியில் வரும் 49–50 மி.மீ. ஹம்பக்கரில் வெளிக் கம்பிகள் போலுக்கு நேராக நிற்காது. தனித்தனிப் போல்களுக்குப் பதிலாக ஒரே நீளப் பட்டை உள்ள பிளேடு வகையில் இந்தக் கணக்கே வேண்டாம்.

சத்த அளவுக்கு வருவோம். எல்லோரும் பார்ப்பது டிசி ரெசிஸ்டன்ஸ் (மீட்டரில் அளக்கும் மின்தடை) எண்ணைத்தான். அந்த எண் ஓரளவுக்குத்தான் உதவும். மெல்லிய கம்பியில் சுற்றினால் சுற்று கூடாமலே ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும், காந்தத்தின் வலுவும் அதில் தெரியாது. ஆனாலும் தொடங்க ஓர் அளவு வேண்டுமே: சிங்கிள் காயில்கள் 5.8–6.5 கிலோ ஓம் பழைய பாணி என்றால், 7.5–8.5 கிலோ ஓம், அல்னிகோ காந்தம் உள்ள ஹம்பக்கர் நன்றாகச் சேரும். செராமிக் காந்தமும் 16 கிலோ ஓமும் உள்ள ஒன்றைப் போட்டுவிட்டு, நெக்குக்கு மாறும்போதெல்லாம் ஆம்பைத் திருகுவது வீண். அத்தனை வலுவான ஹம்பக்கர்தான் வேண்டுமென்றால் சிங்கிள் காயில்களையும் கூடுதல் சுற்று உள்ளவையாக மாற்றியாக வேண்டும்.

பாட் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டன்ஷியோமீட்டர்) விஷயத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். பாட் மதிப்பு குறையக் குறைய ட்ரெபிள் கிரவுண்டுக்கு வடிந்துபோகும். இரண்டு பாட்டும் 250 என்றால் ஹம்பக்கர் கம்பளி போர்த்தியதுபோல் மந்தமாகிவிடும், 500 போட்டால் சிங்கிள் காயில்கள் கூர்மையாகிக் குத்தும். இதற்கு நல்ல தீர்வு: வால்யூமும் டோனும் 500-ஆகவே இருக்கட்டும், சிங்கிள் காயில் ஒவ்வொன்றின் குறுக்கேயும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. கணக்கு இப்படி வருகிறது. ஹம்பக்கர் தனியாக ஒலிக்கும்போது அது காணும் சுமை 500-ம் 500-ம் இணையாக, அதாவது 250. சிங்கிள் காயில் தனியாக ஒலிக்கும்போது 250-ம் 470-ம் இணையாக, ஏறத்தாழ 163. நடுவும் நெக்கும் சேரும் இடத்தில் இரண்டு ரெசிஸ்டரும் கூடிவிடுவதால் 121. பழைய ஸ்ட்ராட்டில் சிங்கிள் காயில் தன் டோன் பாட்டோடு சேர்ந்து காணும் சுமை 125. ஆகவே காதுக்குப் பழகிய எல்லையை விட்டு எங்கேயும் விலகவில்லை.

வாங்க வேண்டியவை: ஏ500கே என்று அச்சிட்ட பாட் இரண்டு (ஏ என்பது ஆடியோ டேப்பர், பி வாங்காதீர்கள்), 470 கிலோ ஓம் கால் வாட் ரெசிஸ்டர் இரண்டு (மஞ்சள், ஊதா, மஞ்சள் பட்டைகள்), 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று (மேலே 223 என்றிருக்கும்), 5-வே சுவிட்ச், 0.8 மி.மீ. ரோசின் உள்ள 60/40 சால்டர். 25 வாட் சால்டரிங் அயர்ன் சின்னக் கால்களுக்குப் போதும், பாட்டின் முதுகுக்குப் போதாது. அந்தத் தகடு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், நீங்களும் வைத்துக்கொண்டே இருப்பீர்கள், கடைசியில் உள்ளே கார்பன் தடம் வெந்துவிடும். 40–60 வாட் அயர்னில் தட்டையான முனை போட்டு, பாட் முதுகை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு மூன்று நொடியில் வேலையை முடியுங்கள். குழாய்க்காரர்கள் பயன்படுத்தும் ஆசிட் பேஸ்ட் பக்கம் போகாதீர்கள், செம்பை அரித்துவிடும்.

இனி ஹம்பக்கரின் வயர்கள். சிக்னல் வெளியே போகும் வயர் ஹாட், இரண்டு காயில்களும் ஒன்றோடொன்று சேரும் இடம் நடு இணைப்பு. சீமோர் டங்கன் என்றால் கறுப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தது நடு இணைப்பு. டிமார்ஸியோ என்றால் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் நடு இணைப்பு. உறையில்லாத வயர் எப்போதும் கிரவுண்டுக்கு. பெயரில்லாத பிக்கப்பில் நிறத்தை நம்பக் கூடாது. மல்டிமீட்டரில் 20 கிலோ ஓம் வைத்து எந்த இரண்டு வயருக்கு நடுவே ஏறத்தாழ 4 வருகிறது என்று தேடினால் இரண்டு ஜோடி கிடைக்கும். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்து, போலின் மேல் இரும்பு ஸ்க்ரூடிரைவரை ஒட்டவிட்டுச் சட்டென்று பிடுங்குங்கள். எண் ஒரு கணம் பிளஸ் பக்கமோ மைனஸ் பக்கமோ துள்ளும். பிளஸ் வந்தால் சிவப்பு புரோப் பிடித்திருக்கும் வயருக்கு ஓர் அடையாளத் துணுக்கு ஒட்டுங்கள், மைனஸ் வந்தால் புரோப்களை மாற்றிப் பாருங்கள். முள் உள்ள மீட்டரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் ஜோடியின் அடையாள வயர் ஹாட். அதன் மற்ற வயரும் இரண்டாம் ஜோடியின் அடையாள வயரும் சேர்ந்தால் நடு இணைப்பு. மிஞ்சியது கிரவுண்ட்.

இதே சோதனையைச் சிங்கிள் காயில்களுக்கும் செய்துவிடுங்கள், டங்கன், டிமார்ஸியோ ஹம்பக்கருக்கும்தான். ஹாட்டில் சிவப்பு புரோப் வைத்தால் மூன்று பிக்கப்பும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் போனால் அது ஃபேஸ் மாறியிருக்கிறது, அதாவது மற்றவற்றோடு சேர்ந்து ஒலிக்கும்போது அவற்றின் சிக்னலை வெட்டிவிடும். சிங்கிள் காயிலில் இரண்டு வயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும். உலோக மூடி போட்ட சிங்கிள் காயில் என்றால் மூடி எந்த வயரோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, பிரித்துத் தனியாக கிரவுண்ட் செய்த பிறகே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூடியே ஹாட்டாகி, விரல் பட்டதும் இரையும்.

சுவிட்ச்சில் இரண்டு பக்கம், பக்கத்துக்கு நான்கு கால்: ஒரு காமன், மூன்று சாதாரணக் கால். தயாரிப்புக்குத் தயாரிப்பு வரிசை மாறும் என்பதால் மீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்துக் கண்டுபிடியுங்கள். முதல் பக்கத்தில், பிரிட்ஜ் நிலையில் காமனோடு சேரும் காலுக்கு ஹம்பக்கர் ஹாட், நடுக் காலுக்கு நடு பிக்கப், மூன்றாவதற்கு நெக். நடு, நெக் இரண்டு கால்களிலிருந்தும் ஒவ்வொரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. அந்தப் பக்கத்துக் காமன் வால்யூமுக்குப் போகும்.

இரண்டாவது பக்கத்தில்தான் இந்த வயரிங்கின் அழகு. அங்கே நடுக் காலில் மட்டும் ஹம்பக்கரின் நடு இணைப்பைச் சேர்த்து, காமனை கிரவுண்ட் செய்யுங்கள். சுவிட்ச் நிலைகள்: 1 பிரிட்ஜ், 2 பிரிட்ஜும் நடுவும், 3 நடு, 4 நடுவும் நெக்கும், 5 நெக். இவற்றில் 2, 3, 4 நிலைகளில் நடு இணைப்பு கிரவுண்டாகும். 3-லும் 4-லும் ஹம்பக்கர் சுற்றிலேயே இல்லை, அதனால் பாதகமில்லை. 2-ல் மட்டும் ஹம்பக்கர் தானாகப் பாதியாகி, நடு பிக்கப்போடு சேர்ந்து ஸ்ட்ராட்டின் அந்தக் கணீர் ஒலியைத் தரும். முழு ஹம்பக்கரை நடு பிக்கப்போடு சேர்த்தால் அது வராது.

பாட்டின் முதுகு உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். வால்யூமில் இடது கால் உள்ளே வரும் சிக்னல், நடு ஜாக்கின் முனைக்கு, வலது காலை வளைத்து முதுகில் சால்டர். டோன் பாட்டில் இடது காலை விட்டுவிடுங்கள். வால்யூமின் இடது காலிலிருந்து ஒரு வயர் டோனின் வலது காலுக்கு, டோனின் நடுவிலிருந்து கெபாசிட்டர் வழியாக முதுகுக்கு. பாட் முதுகுகள், ஜாக்கின் ஸ்லீவ், பின்புறம் ஸ்பிரிங் மாட்டும் தகட்டிலிருந்து வரும் வயர் எல்லாம் கிரவுண்டில் ஒன்றுசேர வேண்டும். அந்தக் கடைசி வயர் அறுந்திருந்தால் கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் குறையாது. மூன்றாவது துளையில் பழைய பாட்டை வயரில்லாமல் மாட்டிவையுங்கள்.

கம்பி மாட்டுவதற்கு முன் கேபிளைச் சொருகி, மறுமுனையில் மீட்டரை வைத்து, வால்யூமை 10-ல் விட்டு அளவெடுங்கள். ஹம்பக்கர் 8 கிலோ ஓம், சிங்கிள் காயில்கள் 6 கிலோ ஓம் என்று வைத்துக்கொண்டால் 1-ல் 7.9, 2-ல் 2.4, 3-லும் 5-லும் 5.85 அளவு, 4-ல் 3-க்குச் சற்றுக் கீழே. டோன் பாட் இந்தக் கணக்கில் வராது, கெபாசிட்டர் டிசியை விடாது. 2-ல் 2.4-க்குப் பதிலாக 3.4 வந்தால் ஹம்பக்கர் பாதியாகவில்லை, இரண்டாம் பக்கத்து நடுக் காலைப் பாருங்கள். எங்கேனும் பூஜ்யம் வந்தால் உறையில்லாத வயர் எதையோ தொடுகிறது. குழியில் செம்பு டேப் ஒட்டியிருந்தால் இன்னொன்று: பிளக் போட்டதும் ஜாக்கின் முனைத் தகடு விரிந்து டேப்பில் படும், கிட்டார் ஊமையாகும். அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஆம்பில் போட்டு 2-ம் நிலையில் வையுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் 3-ஐவிடக் குறைந்திருந்தால் மிச்சமிருக்கும் காயிலின் காந்தமும் நடு பிக்கப்பின் காந்தமும் எதிரெதிர், வேலை முடிந்தது. குறையவில்லை, ஒலி மட்டும் நிறைவாக இருக்கிறது என்றால் தவறான பாதி மிஞ்சியிருக்கிறது. இரண்டாம் பக்கத்துக் காமனை கிரவுண்டிலிருந்து எடுத்து, முதல் பக்கத்தில் ஹம்பக்கர் ஹாட் இருக்கும் காலில் சேருங்கள். இப்போது 2-ல் ஹாட் பக்கத்துக் காயில் அணைந்து கிரவுண்ட் பக்கத்துக் காயில் ஒலிக்கும், ஃபேஸ் மாறாது, இரைச்சல் அடங்கும். ஸ்க்ரூடிரைவரால் போல்களை மெல்லத் தட்டினால் எந்தக் காயில் உயிரோடு இருக்கிறது என்று காதிலேயே கேட்கும்.

கடைசியாக உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடியிலிருந்து போல் வரை அளக்க வேண்டும். சிங்கிள் காயிலுக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்று தொடங்குங்கள், ஹம்பக்கருக்கு இரு பக்கமும் 2. நெக் பிக்கப்பின் சத்தத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஹம்பக்கரைக் கால் சுற்று காலாக இறக்கிச் சமன் செய்யுங்கள். சத்தம் போதவில்லையென்று நெக் பிக்கப்பை ஏற்றாதீர்கள். சிங்கிள் காயிலின் காந்தம் கம்பியை இழுத்து, தடித்த இ கம்பியில் 12-வது ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி தள்ளாடும். ட்யூனரில் முள் நிற்காமல் அலைவதைப் பார்த்து இன்டோனேஷனை (ஃப்ரெட்டுகளில் சுருதி சரியாக வர பிரிட்ஜில் கம்பியின் நீளத்தைச் சரிசெய்வது) திருத்தப் போய்விடாதீர்கள், பிக்கப்பை அரை மி.மீ. இறக்கினால் முள் நின்றுவிடும்.