இடுப்பு வலிக்கு இரண்டு மாத்திரை, வம்பு மூன்றாவதில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கு இடுப்புப் பிடிப்பும் கழுத்து வலியும் புதிதல்ல. நாள் முழுக்க அண்ணாந்தபடி நீளக் கம்பின் நுனியில் இருக்கும் அரிவாளை இழுக்கிற உடம்பு அது. கிளினிக்குக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு பொட்டலங்கள் கிடைக்கும்: தசை இறுக்கத்தைத் தளர்த்த ஒன்று, வீக்கத்தையும் வலியையும் குறைக்க ஒன்று.

இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குச் சாப்பிடலாம். முதலாவது மூளை, தண்டுவடம் வழியாகத் தசையைத் தளர்த்துகிறது. டைக்லோஃபெனாக் போன்ற இரண்டாவது, வீக்கத்தைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைக் குறைக்கிறது. பயப்பட வேண்டியது வீட்டு அலமாரியிலிருந்து வந்து சேரும் மூன்றாவது மாத்திரைக்குத்தான்.

அண்ணி பல்வலிக்கு வாங்கிய போன்ஸ்தான் (Ponstan) மாத்திரை மிச்சம் இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா சின்ஃபிளெக்ஸ் (Synflex) கொடுப்பார். பெயர்தான் வேறு, இரண்டும் டைக்லோஃபெனாக்கின் பங்காளிகளே. ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தால் கூடுவது நிவாரணம் அல்ல, வயிற்றுப்புண்ணும் இரத்தக் கசிவும்தான்.

பெனடால், அதாவது பாரசிட்டமோல், கணக்கையும் பலர் கோட்டை விடுகிறார்கள். அனாரெக்ஸ், நோர்ஜெசிக் மாத்திரைகளில் தசை தளர்த்தியோடு 450 மில்லிகிராம் பாரசிட்டமோலும் இருக்கிறது. வேளைக்கு இரண்டு என்று மூன்று வேளை சாப்பிட்டால் 2,700 மில்லிகிராம் பாரசிட்டமோல். வலி அடங்கவில்லை என்று வேளைக்கு இரண்டு பெனடாலும் போட்டால் இன்னொரு 3,000. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000தான். தினமும் குடிக்கிறவரின் கல்லீரல் அதையும் தாங்காது.

சந்தையில் விற்கும் ஜாமு, மூட்டுவலி மஜூன் போன்ற நாட்டு மருந்து வகைகளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்பட வேண்டும். இத்தகைய பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கள்ளத்தனமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ஓட்டையே விழலாம். மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இல்லாததைத் தொடாதீர்கள்.

பொட்டலத்தில் ‘செலெபாஸ் மாக்கான்’ (சாப்பிட்ட பிறகு) என்று மலாயில் எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. விடியற்காலையில் வெறும் தேநீரோடு பெரட்டுக்கு (காலை ஆளெடுப்புக்கு) ஓடுகிறவர் வலி மாத்திரையை அந்த வயிற்றில் போடக்கூடாது. தசை தளர்த்தி தூக்கக் கலக்கம் தரும். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளும் வேண்டாம், தலைக்கு மேலே அரிவாளும் வேண்டாம். சம்சு என்ற மலிவுச் சாராயமும் பீரும் அந்தக் கலக்கத்தைப் பல மடங்காக்கும். சளி மாத்திரைகளில் சிலவும் அப்படித்தான். கண் அழுத்த நோயோ புரோஸ்டேட் வீக்கமோ உள்ள தாத்தாக்களுக்கு அனாரெக்ஸ் வகை ஆகாது. இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோபிரிலும், சிறுநீரைக் கூடுதலாகப் போக்கும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர், வெயிலில் வியர்த்துக் கொட்டிய உடம்போடு வலி மாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். மலம் தார் போலக் கறுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை.

உடம்பு வலியோடு காய்ச்சலும் அடித்தால் அது வேலைக் களைப்பாக இல்லாமல் டிங்கியாக இருக்கலாம். அப்போது டைக்லோஃபெனாக், போன்ஸ்தான், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. இரத்தக் கசிவை மோசமாக்கும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அளவோடு பாரசிட்டமோல் மட்டும்.