கோடைக் காய்கறித் தோட்டம்: முதலில் தண்ணீர்க் கணக்கு

விதை வாங்கும் முன் தண்ணீரை அளந்துவிடுங்கள். நன்கு வளர்ந்த பயிர் கடும் வெயிலில் நாளுக்கு 6 முதல் 8 மி.மீ. தண்ணீர் இழுக்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். ஆக 100 சதுர மீட்டருக்கு 600 முதல் 800 லிட்டர். 500 லிட்டர்தான் கிடைக்குமென்றால் 60 சதுர மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி நிலம் சும்மா கிடக்கட்டும்.

அடுத்து, எதை நடுவது? வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு வெயில் தாங்கும். தக்காளி தாங்காது. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் புழுக்கம் குறையாவிட்டால் பூ உதிரும். உரம் போட்டு அதைத் தடுக்க முடியாது. 35 முதல் 50 சதவீத நிழல்வலை கட்டினால் ஓரளவு தப்பும். வலை செடியைத் தொடக்கூடாது, தொட்ட இலை கருகும்.

மேட்டுப்பாத்தி கோடைக்கு வேண்டாம், சீக்கிரம் காய்ந்துவிடும். சமபாத்தியில் சொட்டுநீர்க் குழாய் போடுங்கள். மணிக்கு 4 லிட்டர் விடும் துளையின் கீழ் பாத்திரம் வைத்தால் 15 நிமிடத்தில் ஒரு லிட்டர் சேர வேண்டும். குழாயின் தலைப்பிலும் கடைசியிலும் இப்படிப் பாருங்கள். எல்லா இடத்திலும் குறைந்தால் ஃபில்டரைக் கழுவுங்கள். கடைசியில் மட்டும் குறைந்தால் முனை மூடியைக் கழற்றிவிட்டு, கலங்கல் போய்த் தெளியும்வரை தண்ணீரை ஓடவிடுங்கள்.

மண்ணை நன்றாக நனைத்தபின் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் மூடாக்கு. தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுகும். வைக்கோலை மண்ணோடு கிளறிவிடாதீர்கள். அது மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், செடி வெளிறும்.

தண்ணீர் விடுவது விடியற்காலையில். மணல் மண்ணுக்குத் தினமும், களிமண்ணுக்கு இரண்டு மூன்று நாளைக்கொருமுறை சேர்த்து. புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்: உச்சி வெயிலில் இலை தொங்கியதும் குழாயைத் திறந்துவிடுவார்கள். பொறுங்கள். சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது வெயில் வாட்டம். காலையிலும் தொங்கினால் பத்து செ.மீ. தோண்டி ஒரு பிடி மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை சேராமல் உதிர்ந்தால் தாகம். சேறாகக் கையில் ஒட்டினால் வேர் மூச்சுத் திணறுகிறது, தண்ணீரை நிறுத்துங்கள்.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்தால் பெரும்பாலும் தண்ணீர் ஒரு நாள் வெள்ளமாகவும் மறுநாள் வறட்சியாகவும் கிடைத்ததுதான் காரணம். காய் கறுப்பது சுண்ணாம்புச் சத்து போதாததால், அது தண்ணீரோடுதான் காய்க்குப் போகும்.

இலையில் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் அதை வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டுங்கள். நகரும் துகள்கள் விழுந்தால் சிலந்திப்பேன். காலையில் இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள், சில நாள் தொடர்ந்து. கண்ட பூச்சிமருந்தையும் அடித்தால் பேனைத் தின்னும் பூச்சிகள் செத்து, பேன்தான் பெருகும்.