வெட்டவெளியில் வாட்டர்கலர்: வரைவதைவிடக் காத்திருப்பதுதான் கஷ்டம்

முதன்முதலில் வெளியே உட்கார்ந்து வரைந்தபோது பத்தரை மணிக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மரத்தின் நிழல் ஒரு பக்கம், அதன் அடியில் இருந்த பெஞ்சின் நிழல் மறுபக்கம். ஒரே படத்தில் இரண்டு சூரியன்! அப்படிச் சொதப்பிச் சொதப்பித்தான் கற்றுக்கொண்டேன். நீங்களாவது கொஞ்சம் குறைவாகச் சொதப்புங்கள்.

என்னென்ன வேண்டும்

காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள்), கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்புள்ளது). மெல்லிய தாள் ஈரம் பட்டதும் நெளிந்து, பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். பிரஷ் ஒன்றே போதும்: கூர்மையான நுனியுள்ள 8ஆம் எண் ரவுண்டு (உருண்டை வடிவ பிரஷ்). பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பும் பிரஷ்ஷைப் பலரும் புகழ்வார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. வேண்டாத நேரத்தில் ஒரு சொட்டு விட்டுவிடும். நின்றுகொண்டே வரையும்போது மட்டும் எடுப்பேன்.

நிறங்களில் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்பும் கட்டாயம். இரண்டையும் கலந்தால் வெளிர்ச்சாம்பலிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்பு வரை கிடைத்துவிடும். கறுப்பு தனியாக வாங்க வேண்டியதில்லை. கூடவே ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, பழைய துணி, இரண்டு கிளிப், இரண்டு டப்பாவில் தண்ணீர்.

1. நிழலில் உட்காருங்கள்

உங்களைவிடக் காகிதம் நிழலில் இருப்பது முக்கியம். வெயில் நேராக விழுந்தால் வெள்ளைத்தாள் கண்ணைக் கூசவைக்கும். பூசுவதெல்லாம் வெளிறித் தெரியும் என்பதால் மேலும் மேலும் அடர்த்தியாக்கிக்கொண்டே போவீர்கள். வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் இருண்டு கிடக்கும். கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள். வண்ணக்குடையும் வேண்டாம். சிவப்புக் குடைக்கு அடியில் உட்கார்ந்து நான் கலந்த பச்சையை இன்றும் யாருக்கும் காட்டுவதில்லை.

2. நிழலை முதலில் பிடியுங்கள்

சூரியன் வானத்தில் மணிக்கு சுமார் 15 பாகை நகர்கிறது. அதனால் முதல் ஐந்து நிமிடத்தில் பென்சிலால் நிழல்களின் எல்லையை வரைந்துவிடுங்கள். ஓரத்தில் வெளிச்சம் வரும் திசைக்கு ஒரு அம்புக்குறி. பிறகு நிழல் எங்கே போனாலும் போகட்டும், துரத்தாதீர்கள்.

3. முதல் பூச்சு

வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போங்கள். வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

4. காத்திருங்கள் (நான் மாதக்கணக்கில் தடுக்கி விழுந்த இடம்)

தாளைச் சாய்த்துப் பக்கவாட்டில் பாருங்கள். பளபளவென்று மினுங்கினால் முழு ஈரம். அப்போது வைக்கும் நிறம் மென்மையாகப் பரவும். நன்றாகக் காய்ந்திருந்தால் வைத்த கோடு வைத்த இடத்திலேயே நிற்கும். இவை இரண்டும் நல்ல நேரங்கள். நடுவில் ஒரு ராகுகாலம் இருக்கிறது. மினுமினுப்பு மறைந்திருக்கும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். அப்போது தண்ணீர் மிகுந்த பிரஷ் பட்டால், புதுத்தண்ணீர் அங்கிருக்கும் நிறத்தை வெளியே தள்ளிக்கொண்டு போய் காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டிவிடும். அதைச் சரிசெய்யப் போனால் இரண்டாவது காலிஃபிளவர்.

புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் தண்ணீர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, கையை எடுத்துவிடுங்கள்.

வெளியில் இன்னொரு வம்பு, ஒரே பூச்சு ஒரே மாதிரி காயாது. காற்றடிக்கும் மேல் ஓரம் காய்ந்திருக்கும். சாய்த்து வைத்த தாளின் அடியில் தண்ணீர் சேர்ந்து நிற்கும். பிரஷ்ஷைத் துணியில் ஒற்றிவிட்டு, அந்தத் தேங்கலை உறிஞ்சி எடுங்கள். வெக்கையான நாளில் சின்னச் சின்னப் பகுதியாகப் பூசுங்கள். காற்றில் ஈரப்பதம் அதிகமிருந்தால் காயவே காயாது. அதற்கு நான் கண்ட வழி, இரண்டு தனித்தாள்களில் இரண்டு படம். ஒன்று காயும்வரை மற்றது. கை சும்மா இருந்தால்தானே போய்த் தொடும்?

5. அடர்நிறம்

வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறும். நிழலுக்கு, சரி என்று தோன்றுவதைவிட ஒரு படி கூடுதலாகவே வையுங்கள்.

பின்சேர்க்கை: பேனாவால் கோடு போட்டு அதன்மேல் வண்ணம் பூசியபோது கோடு கரைந்து ஓடிவிட்டது என்று வாசகர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். சாய மை பெரும்பாலும் கரையும். நிறமி மை (கரையாத வண்ணத்துகள் கலந்தது) காய்ந்தபின் பெரும்பாலும் கரையாது. லேபிளை நம்பாமல் துண்டுத்தாளில் கோடு போட்டு, சில நிமிடம் விட்டு, ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள்.

இன்னொன்று: ட்யூப் வண்ணத்தைப் பானில் (வண்ணம் வைக்கும் குட்டிக் கிண்ணத்தில்) நிரப்பினால் பைக்குள் வழிகிறதாம். தேன் கலந்த வண்ணங்கள் ஈரப்பதத்தில் முழுதாக இறுகுவதில்லை. வெளியே கொண்டுபோக, இறுகக் காயும் வகையை வாங்கி, மெல்லிய அடுக்குகளாக நிரப்பி, மூடாமல் சில நாள் காயவிடுங்கள்.

பின்னால் வந்து நிற்பவர்களை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். ஒருமுறை ஒரு சிறுமி, "சுவரு வெள்ளைதானே, நிழல் ஏன் நீலமா இருக்கு?" என்றாள். வெயில் படாத இடத்துக்கு வானத்தின் வெளிச்சம்தான், அதனால் நீலம் என்றேன். படத்தை விட்டுவிட்டுச் சுவருக்கே போய், மூக்கு ஒட்டுமளவு நெருங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆமா, நீலம்தான்."