குறைந்த செலவில் கேமிங் கணினி: பாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

வீட்டிலேயே கேமிங் கணினியை அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் பிராசசரில் தொடங்குகிறார்கள், கடையிலும் "ஐ5-ஆ, ஐ7-ஆ?" என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் இந்த வரிசை அதைத் தேவையில்லாத இடத்தில் கொண்டுபோய் முடக்கிவிடும். மானிட்டரில் தொடங்கிப் பின்னோக்கி வருவதே என் வழக்கம்.

படி 1: மானிட்டர்

1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்களும், 2560×1440 திரையில் ஏறத்தாழ 36.9 லட்சம் பிக்சல்களும் உள்ளன. ஒவ்வொரு பிரேமிலும் அத்தனையையும் கிராபிக்ஸ் கார்டு வரைந்தாக வேண்டும் என்பதால், பெரிய திரைக்கு ஆசைப்படுபவர் கார்டுக்கும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். முதல் கணினிக்கு 1080 போதும்.

படி 2: கிராபிக்ஸ் கார்டு

மானிட்டர் நீங்கலாக உள்ள தொகையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். எடுத்துக்காட்டாக, 2021இல் வெளிவந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கார்டு 8 ஜிபி நினைவகம் கொண்டது. 132 வாட் மின்சாரமே கேட்பது. 1080 திரைக்கென்றே உருவானது. இதன் தம்பியைப் போலத் தோன்றும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டுடன் நான்கே பிசிஐஇ தடங்களில் (கார்டையும் போர்டையும் இணைக்கும் தரவுப் பாதைகள்) பேசுகிறது. எனவே பிசிஐஇயின் மெதுவான 3.0 பதிப்பு மட்டும் உள்ள பழைய போர்டில் அதன் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். 6600 எட்டுத் தடங்களைப் பயன்படுத்துவதால் அங்கேயும் பெரிதாகத் தளராது.

படி 3: பிராசசரும் மதர்போர்டும்

இவ்விரண்டையும் ஒன்றாகவே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் போர்டில் பிராசசர் அமரும் இடமான சாக்கெட் பொருந்தாவிட்டால் எதுவும் நடக்காது. ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்4 சாக்கெட் டிடிஆர்4 ரேமை மட்டுமே ஏற்கும். அதற்கு அடுத்து வந்த ஏஎம்5 டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். ஏஎம்4 வகையைச் சேர்ந்த, ஆறு கோர்கள் கொண்ட ரைசன் 5 5600, பி550 போர்டு என்ற இணை 6600 கார்டுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். பெயரில் ஒரே ஓர் எழுத்து கூடுதலாக உள்ள 5600ஜி வேறொரு பிராசசர்: அதன் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பிக்குப் பதிலாக 16 எம்பிதான், பிசிஐஇ வேகமும் 3.0தான். தனி கார்டு வாங்கப் போகிறவர் அதைத் தவிர்ப்பது நல்லது. பெட்டியில் அடைத்து வரும் 5600 உடன் கூலர் கிடைக்கும். பெட்டியில்லாமல் 'ட்ரே' என்று விற்கப்படுவதில் கிடைக்காது, ஆகவே விலையை ஒப்பிடும்போது கூலரின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். போர்டு பழைய சரக்கு எனில், இந்த பிராசசரை அதில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் அறியுமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: ரேமும் எஸ்எஸ்டியும்

16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்கினால் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான இரு சேனல்களும் (பாதைகளும்) வேலை செய்யும். சேமிப்புக்கு போர்டில் நேரடியாகச் செருகும் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி.

படி 5: எஸ்எம்பிஎஸ்

மலிவான கேபினெட்டுடன் இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) "500 வாட்" என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். 80 பிளஸ் முத்திரையும் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது. மின்னழுத்தம் எகிறினால் உள்ளே இருக்கும் பாகங்கள் தப்புமா என்பதைச் சொல்வதில்லை. 65 வாட் பிராசசர், 132 வாட் கார்டு ஆகியவற்றுடன் மற்றவற்றையும் சேர்த்தாலும் தேவை 300 வாட்டைத் தாண்டாது. ஆயினும் பெயர் பெற்ற நிறுவனத்தின் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை, கார்டுக்கான 8 பின் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நான் மிச்சம் பிடிக்காத ஒரே பாகம் இதுதான். மின்வெட்டுக்காக யுபிஎஸ் வைப்பவர்கள் 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட் மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

படி 6: பொருத்திய பின்

மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில்தான் செருக வேண்டும். 5600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாததால் மதர்போர்டில் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும். போர்டில் நான்கு ரேம் இடங்கள் இருந்தால், பொதுவாக பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் குச்சிகளைப் பொருத்துங்கள். பிறகு பயாஸுக்குள் சென்று ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200 என்று விலை கொடுத்து வாங்கிய ரேம் 2133 அல்லது 2666 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.