துவரைக்கு மண் கட்டி, வருஷப் பருப்பை வீட்டிலேயே வைத்துக்கொள்ள

மானாவாரித் துவரை தை மாதத்தில் களத்துக்கு வந்துவிடும். அதை வாங்கி மாசி, பங்குனி வெயிலில் மண் கட்டி, அதாவது செம்மண் கரைசல் பூசிக் காயவைத்துவிட்டால் அடுத்த தை வரை கடைப் பருப்பைத் தொட வேண்டாம். நாலு பேர் வீட்டுக்கு மாதம் இரண்டு கிலோ என்றால் வருஷத்துக்கு 24 கிலோ பருப்பு. கைத் திருகையில் உடைத்தால் ஒரு கிலோ துவரைக்கு 650 முதல் 700 கிராம்தான் பருப்பாகத் தேறும். மற்றது பொட்டு என்கிற தோலும் குருணையும். சொத்தை, கல், பிஞ்சுக்கும் சேர்த்து 40 கிலோ வாங்குங்கள்.

வாங்கும்போது ஒரு கைப்பிடியை வெளிச்சத்தில் பாருங்கள். மணியின் மேல் வெள்ளையாகச் சின்னப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. வட்டமாக, கண்ணாடி போட்டது போல மெல்லிய தோல் தெரிந்தால் உள்ளே வண்டு வெளியேறத் தயாராக இருக்கிறது. பலரும் தங்கள் டப்பாவில்தான் வண்டு விழுந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது வயலிலேயே காய்ந்த நெற்றில் முட்டையிட்டு, பயறோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. புழு மணிக்குள்ளேயே வளர்கிறது. நம் ஊர் வெக்கைக்கு ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். அதனால் வாங்கிய வாரத்திலேயே வேலையைத் தொடங்குவதுதான் முக்கியம்.

ஒரு தடவைக்கு 10 கிலோ போதும். புடைத்து, சலித்து, மாலையில் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பதை அள்ளி எறியுங்கள்; பாதிக்கு மேல் சொத்தைதான். நாலைந்து மணி நேரம் ஊறியதும் வடிகட்டுங்கள். 10 கிலோவுக்கு அரை கிலோ செம்மண் வேண்டும். ரோட்டோரத்து மண், உரமும் மருந்தும் அடித்த காட்டின் மேல்மண் இரண்டும் ஆகாது. ஒரு முழம் தோண்டி அடிமண்ணை எடுத்து, வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, ஒவ்வொரு மணியிலும் படும்படி பிசறிக் குவியுங்கள். மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி ராத்திரி முழுக்க விடுங்கள்.

விடிந்ததும் கட்டாயம் பிரிக்க வேண்டும். இன்னொரு நாள் கிடக்கட்டும் என்று விட்டால் முளை கட்டிவிடும், புளித்த வாடையும் வரும். அப்புறம் அந்தப் பருப்பு ருசிக்காது.

காயப்போடுவதற்குப் பழைய பருத்தி வேட்டிதான் சரி. தார்ப்பாயில் போட்டால் முதல் நாள் ஈரம் அடியில் வேர்த்து நிற்கும். ஒரு விரல் கனத்துக்கு மேல் பரப்ப வேண்டாம். மணிக்கொரு தடவை கிளறிவிட்டு, பனி இறங்கும் முன் அள்ளி உள்ளே வையுங்கள். மூன்று நாலு நாள் நல்ல வெயில் தேவை. நடுவில் வானம் மூடிக்கொண்டால் குவித்து வைக்காமல் கூடத்தில் பரப்பி மின்விசிறியைப் போடுங்கள். குவியலில் ஒரே ராத்திரியில் பூசணம் பிடித்துவிடும்.

ஊறும்போது பருப்பும் தோலும் சேர்ந்தே உப்புகின்றன. காயும்போது பருப்பு சுருங்குகிறது, தோல் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவில் விழும் அந்த இடைவெளியால்தான் திருகையில் தோல் கழன்று பருப்பு இரண்டாகப் பிரிகிறது. அரைகுறையாகக் காய்ந்தால் எத்தனை தடவை சுற்றினாலும் தோல் விடாது.

காய்ந்ததா என்று கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைய வேண்டும். பல் பதிந்தால் இன்னும் ஈரம். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி துவரையும் ஒரு ஸ்பூன் உலர்ந்த தூள் உப்பும் போட்டுக் குலுக்கியும் பார்க்கலாம். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. துவரைக்கு 10 சதவீதம்தான் இருக்கலாம் என்பதால், ஒட்டாவிட்டாலும் இன்னொரு வெயில் கொடுத்துவிடுங்கள்.

திருகையில் இரண்டு கல்லுக்கும் உள்ள இடைவெளிதான் சூட்சுமம். நெருக்கமாக இருந்தால் குருணையாகும், அகலமாக இருந்தால் முழுசாகவே வெளியே வரும். நடு முளையில் துணியை வளையமாகச் சுற்றி மேல்கல்லைச் சற்றுத் தூக்கிச் சரிசெய்யலாம். உச்சிவெயிலில் காய்ந்ததைச் சலித்து, உதிர்ந்த மண்ணை நீக்கி, அன்று சாயங்காலமே உடைத்தால் பாதி உழைப்பு மிச்சம். புடைத்த பின் சுளகில் நிற்கும் முழுசுக்கு லேசாக நல்லெண்ணெய் தடவி, ஒரு நாள் காயவைத்து மறுபடி போடுங்கள்.

40 கிலோவையும் ஒரே மூச்சில் உடைக்க வேண்டாம். உடைத்த பருப்பில் வாசம் சீக்கிரம் குறையும். மண் கட்டிய முழுத் துவரை அதைவிட நன்றாகத் தாங்கும், மண் பூச்சு வண்டு முட்டையிடுவதையும் தடுக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் உடையுங்கள். ஐப்பசி, கார்த்திகைக்கு உள்ளதைப் புரட்டாசிக்குள் உடைத்துவிட வேண்டும். அடைமழைக் காற்றில் தோல் நமுத்துத் திருகைக்கு அடங்காது. உடைத்த பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டு உள்ளங்கையால் பிசறி, அரை நாள் வெயில் காட்டி வையுங்கள்.

முழுசை இறுக்கமாக மூடும் டிரம்மில் கழுத்து வரை நிரப்புங்கள். பாதி காலியாக இருந்தால் அங்குள்ள காற்றே வண்டுக்குப் போதும். 40 கிலோவுக்கு ஒரு பெரிய டிரம்மைவிட இரண்டு மூன்று சிறியது நல்லது. வெயில் சூட்டோடு மட்டும் அடைக்காதீர்கள். ராத்திரி டிரம் குளிரும்போது மூடியின் அடியில் வேர்த்து, மேலடுக்கில் பூசணம் வரும். வேப்பிலை, வசம்பு, நொச்சி போடலாம், ஆனால் நிழலில் சருகாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். அவை வெளியிலிருந்து வரும் பூச்சியை விரட்டலாம். மணிக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது.

திறக்கும்போது வண்டு தெரிந்தால் கருப்புத் தார்ப்பாயின் மேல் துவரையை மெல்லிசாகப் பரப்பி, தெளிந்த பாலிதீன் ஷீட்டால் மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். உள்ளே 57 டிகிரி ஏறி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, வண்டு எல்லாம் செத்துவிடும். சித்திரை உச்சிவெயிலில் இது எளிது. மற்ற மாதங்களில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். முன்கூட்டியே கண்டுபிடிக்க, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறி இருக்கிறது. துளையிட்ட குழாய்தான், தானியத்துக்குள் செருகினால் பூச்சி துளை வழியே விழுந்து அடியில் மாட்டிக்கொள்ளும். பயறு வண்டு மேற்பரப்பில்தான் திரியும் என்பதால் அதற்கென்று உள்ள டூ-இன்-ஒன் மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

மண் கட்டிய பருப்பு வேகக் கொஞ்சம் நேரமெடுக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் சிவப்பு போகும் வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து அடுப்பில் ஏற்றுங்கள். பொட்டை மண் போகச் சலித்து அலசினால் மாட்டுக்குத் தவிட்டோடு கலந்து வைக்கலாம்.