செமஸ்டர் லீவில் கணக்கு மறப்பது எப்படி: மாணவர்கள் செய்யும் தவறுகள்

கோடை லீவு முடிந்து மூன்றாம் செமஸ்டருக்கு வந்து உட்காரும் பிள்ளைகளிடம், இரண்டு சார்புகளின் பெருக்கலைத் தொகையிட (இன்டக்ரேட் செய்ய) உதவும் பெர்னௌலி ஃபார்முலாவைக் கேட்டால், பாதி வகுப்பு மின்விசிறியைப் பார்க்கும். மீதிப் பாதியிலிருந்து ஒரு குரல் வரும்: "படிச்சமுங் சார், மறந்து போச்சுங்." ஈரோட்டிலிருந்து பெருந்துறை, திருச்செங்கோடு, கோவை என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஒரு பொறியியல் கல்லூரி வந்துவிடுகிற சீமை இது. கல்லூரி மாறினாலும் இந்தப் பதில் மாறுவதில்லை.

மறப்பதைக் குறை சொல்வதற்கில்லை. லீவில் புத்தகத்தையே தொடாதவர்களையும் விட்டுவிடலாம், அவர்களுக்கே காரணம் தெரியும். லீவிலும் நோட்டை எடுத்துப் பார்த்து, அப்படியும் மறந்து வருகிறவர்கள்தான் பாவம். படிப்பது போலவே தோன்றுகிற, ஆனால் மனதில் எதையும் நிறுத்தாத வேலைகளில் அவர்களின் நேரம் போயிருக்கிறது.

நோட்டைப் புரட்டுவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். தேர்வுக்குப் போட்டுப் பார்த்த நோட்டை எடுத்து, தீர்த்து வைத்த கணக்குகளை வரிவரியாகப் படிப்பது. ஒவ்வொரு வரியும் பழகிய முகமாக இருக்கும். "இது தெரியும், இதுவும் தெரியும்" என்று தலை தானாக ஆடும். யூடியூபில் ஒன்றரை மடங்கு வேகத்தில் யாரோ கணக்குப் போடுவதைப் பார்ப்பதும் இதே ரகம்தான். எழுதியிருக்கும் வரியைப் பார்த்துச் சரி என்று ஒப்புக்கொள்வது ஒரு வேலை, வெள்ளைத் தாளில் அந்த வரியைக் கொண்டுவருவது வேறொரு வேலை. தேர்வில் கேட்பது இரண்டாவதை.

அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. கணக்கில் அல்ல, உரைநடைப் பகுதிகளை வைத்துச் செய்த சோதனை அது. கல்லூரி மாணவர்களில் சிலர் பகுதியைத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதியவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42. லீவு ஒரு வாரத்தைவிட நீளம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே, நோட்டிலிருந்து கேள்வியை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு நோட்டை மூடிவிடுங்கள். பாதியில் நின்றுபோனால் ஐந்து நிமிடம் அங்கேயே முட்டி மோதுங்கள். அப்புறம் திறந்து, தடுக்கிய வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு, அதே கணக்கை முதல் வரியிலிருந்து மறுபடி போடுங்கள். தடுக்கிய இடம் எது என்று ஓரத்தில் குறித்து வைத்தால், உங்கள் பலவீனம் எந்த யூனிட்டில் என்பது பத்துக் கணக்குக்குள் தெரிந்துவிடும்.

அடுத்த செமஸ்டருக்கு ஓடுவது

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி முதல் செமஸ்டரில் அணிகளும் கால்குலஸும், இரண்டாவதில் புள்ளியியலும் நியூமரிக்கல் மெத்தட்ஸும். மூன்றாவதில் மெக்கானிக்கல், சிவில் போன்ற பிரிவுகளுக்கு டிரான்ஸ்ஃபார்ம்ஸும் பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷனும். பிள்ளைகள் வாயில் இவை எம்-1, எம்-2, எம்-3. தன்னாட்சிக் கல்லூரிகளில் பாடப்பெயர் கொஞ்சம் மாறலாம்.

எம்-3 என்றாலே ஒரு பயம். சீனியர் அண்ணன்களின் அரியர் கதைகளைக் கேட்டுவிட்டு, சிலர் லீவிலேயே எம்-3 புத்தகத்தை வாங்கி ஃபூரியர் சீரிஸைத் திறக்கிறார்கள். ஆர்வம் நல்லதுதான். ஆனால் ஃபூரியரில் விழுகிறவர்கள் பெரும்பாலும் ஃபூரியரால் விழுவதில்லை. எக்ஸ் ஸ்கொயரையும் காஸ் என்எக்ஸையும் பெருக்கித் தொகையிட வேண்டும். அங்கே பெர்னௌலி ஃபார்முலா வேண்டும். அதில் கூட்டல் கழித்தல் குறி மாறி மாறி வரும் என்பது மறந்திருக்கும்.

இதில் யாரும் கணக்கில் எடுக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பெர்னௌலியை அவர்கள் கடைசியாகத் தொட்டது முதல் செமஸ்டரில். இரண்டாம் செமஸ்டர் முழுக்க டி-டெஸ்ட், கை-ஸ்கொயர், சிம்ப்ஸன் விதி என்று போய்விட்டது. சிம்ப்ஸன் விதியும் தொகையிடல்தான், ஆனால் அதற்குப் பெர்னௌலி தேவையில்லை. லீவு என்னவோ ஒன்றரை, இரண்டு மாதம்தான். இடைவெளி அரை வருடத்துக்கு மேல். போன செமஸ்டர் நோட்டை மட்டும் திருப்புகிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

மூன்றாம் செமஸ்டருக்குப் போகிறவர்கள் லீவில் பிடித்துக்கொள்ள வேண்டியவை கொஞ்சம்தான். பெர்னௌலி ஃபார்முலா, பகுதிப் பின்னங்கள், ஒற்றைச் சார்பு எது இரட்டைச் சார்பு எது என்று பார்த்தவுடன் சொல்வது. என் முழு எண்ணாக இருந்தால் சைன் என்பை பூஜ்யம். காஸ் என்பை, என் ஒற்றையானால் மைனஸ் ஒன்று, இரட்டையானால் ஒன்று. இவ்வளவும் கையில் இருந்தால் ஃபூரியர் சீரிஸில் புதிதாகக் கற்க வேண்டியது குறைவு. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு மூன்றாவதில் டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் வரும். அவர்கள் வரிசை மாற்றம், சேர்மானம், கணிதத் தொகுத்தறிதலைத் தூசு தட்டினால் போதும், அது பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

ஒரே ரகக் கணக்கை அடுக்கடுக்காகப் போடுவது

இன்றைக்குப் பிரதியிடல் முறை, நாளைக்குப் பெர்னௌலி, நாளன்றைக்குப் பகுதிப் பின்னம் என்று பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் இருபது கணக்கு. இப்படிப் போட்டால் மூன்றாவது கணக்கிலிருந்து கை தானாக ஓடும், ரொம்பத் திருப்தியாகவும் இருக்கும். எந்த முறை என்று யோசிக்கும் வேலையே இல்லாததால் வரும் திருப்தி அது. எக்ஸ் பெருக்கல் சைன் எக்ஸ், எக்ஸ் பெருக்கல் சைன் எக்ஸ் ஸ்கொயர் (ஸ்கொயர் எக்ஸுக்கு மட்டும்), இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. முதலாவதற்குப் பெர்னௌலி, இரண்டாவதற்குப் பிரதியிடல். அதைப் பார்த்தவுடன் பிரித்தறிவதுதான் கற்க வேண்டிய திறமை.

ரோரர், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் கணக்கை வைத்தே இதைச் சோதித்தார்கள். நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் கல்லூரி மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வகைவாரியாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது வகைவாரிக்காரர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63.

இந்த எண்களைச் சொன்ன பிறகும் பிள்ளைகள் நம்புவதில்லை, காரணம் கலந்து போடும்போது தப்பு நிறைய வருகிறது. வரட்டும். பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, யூனிட் வரிசையைப் பார்க்காமல் ஒரு 2 மார்க், ஒரு 16 மார்க் என்று கண்ட இடத்தில் தொட்டுப் போடுவது, கைடில் ஒரு யூனிட்டை முழுசாக முடிப்பதைவிட மேல்.

நாலு மணி நேர டைம்டேபிள்

லீவு விட்ட முதல் நாள் ராத்திரி கலர் பேனாவில் எழுதுவார்கள்: காலை 6 முதல் 10 வரை கணக்கு. அதே வாரத்தில் மாமன் வீட்டுக் காதுகுத்து வரும், குலதெய்வம் கோயிலில் கெடா வெட்டு வரும், அமிச்சி ஊருக்கு ஒரு நடை போக வேண்டியிருக்கும். மூன்றாம் நாள் டைம்டேபிள் செத்துப்போகும், அதோடு கணக்கும்.

இவ்வளவு நேரம் தேவையும் இல்லை. இதே ரோரரும் டெய்லரும் 2006-இல் செய்த இன்னொரு சோதனையில், ஒரு சாரார் பத்துக் கணக்கை ஒரே அமர்வில் போட்டார்கள். மற்றவர்கள் அதே பத்தை ஒரு வார இடைவெளியில் இரண்டு அமர்வாகப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. நாலு வாரம் கழித்துப் பார்த்தால் பிரித்துப் போட்டவர்கள் 64 சதவீதம், ஒரேயடியாகப் போட்டவர்கள் 32. கணக்கு அதேதான், உழைப்பும் அதேதான். வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் போட வேண்டாம், விட்டுவிட்டு அடுத்த முறையில் தொடருங்கள். கடைசி வாரத்துக்கு எல்லாவற்றையும் தள்ளி வைப்பது இதே தவறின் மறுபக்கம்.

"கணக்குலதானுங்க இருக்கறேன்"

இங்கே லீவு என்றால் பலருக்கு வேலை. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங், சோமனூர்ப் பக்கம் தறி, அப்பாவோடு தோட்டம், மாமாவின் மஞ்சள் மண்டியில் பில் போடுவது. "நாள் பூரா கணக்குலதானுங்க இருக்கறேன், எப்படிங்க மறக்கும்?" என்பார்கள். பில் போட்டால் கூட்டல் மறக்காது; கால்குலஸ் மறக்கும். ஆனால் அதே வேலையிடத்தில் சரியான கேள்வி கேட்டால் கல்லூரிக் கணக்கு கிடைக்கும், இதை நிறையப் பேர் தவற விடுகிறார்கள்.

பனியன் கம்பெனியில் பையர் தரப்பு க்யூசி (தரம் பார்ப்பவர்) வந்து லாட்டைச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 5,000 பீஸ் லாட்டில் 200 பீஸ் எடுப்பார்கள், ஏக்யூஎல் (ஏற்கத்தக்க குறையின் வரம்பு) 2.5 என்றால் 10 குறைப் பீஸ் வரை பாஸ், 11 வந்தால் ரிஜெக்ட். இது நிகழ்தகவில் வரும் பாய்ஸான் பரவலேதான். லாட்டில் நிஜமாகவே நூற்றுக்கு இரண்டரை பீஸ் குறையென்றால் சராசரி 5. பத்தோ அதற்குக் குறைவோ வருவதற்கான நிகழ்தகவு ஏறக்குறைய 98.6 சதவீதம். குறை இரட்டிப்பாகி நூற்றுக்கு 5 ஆனால் சராசரி 10. அப்போதும் லாட் பாஸாக 58 சதவீதம் வாய்ப்பு உண்டு. இதை டீ இடைவேளையில் கையால் போட்டுப் பார்த்தவனுக்குப் பாய்ஸான் மறக்காது.

தோட்டத்துக்காரர்களுக்கு பவானிசாகர் அணை இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் வினாடிக்கு 2,300 கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 கோடி கன அடி போகும், ஐந்து நாளில் ஏறக்குறைய ஒரு டிஎம்சி (நூறு கோடி கன அடி). வரத்தே இல்லை, திறப்பும் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அணையின் மட்டம் தினமும் ஒரே அளவாகக் குறையுமா? குறையாது. மட்டம் இறங்க இறங்க நீர்ப்பரப்பு சுருங்கும், அதனால் அதே தண்ணீருக்கு அடி அதிகமாக இறங்கும். ஏன் என்று சங்கிலி விதியை வைத்து எழுதிப் பாருங்கள்; நிதமும் பேப்பரில் வரும் அணை நிலவரம் ஒரு கால்குலஸ் கணக்கு.

கேசியோ 991 கால்குலேட்டர் பற்றி ஒரு வரி. மூன்றாம் படிச் சமன்பாட்டை அதில் தட்டி ஐகன் மதிப்பை எடுப்பது தேர்வு நேரத்துக்குச் சரி. லீவில் கையால் போட்டுவிட்டு, சரிபார்க்க மட்டும் எடுங்கள். கேள்வியைப் போட்டோ எடுத்தால் விடை தரும் செயலிகளுக்கும் இதேதான்.

அரியர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன அரை மணி நேரம் போதாது. எம்-1 அரியரை நவம்பர், டிசம்பர் தேர்வில் எம்-3 உடன் சேர்த்து எழுத வேண்டிவரும், அப்போது இரண்டுக்கும் நேரம் இருக்காது. லீவிலேயே, இருக்கும் ஐந்து யூனிட்டில் உங்களுக்கு எளிதாக வரும் மூன்றைத் தேர்ந்தெடுத்து, பழைய வினாத்தாள் கணக்குகளால் முடித்துவிடுங்கள். அந்த மூன்றில் ஒன்று தொகையிடலாக இருக்கட்டும், எம்-3க்கும் அது வேண்டும். வீட்டில் யாராவது "பெயிலான பேப்பர அப்பறம் பாத்துக்கலாம் சாமி, இப்ப தோட்டத்துக்கு வா" என்றால், தண்ணி கட்டப் போகும்போது கேள்வித்தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். வயல் நிறையும்வரை ஒரு கணக்கு போடலாம்.